விண்டோஸை மீண்டும் நிறுவும் முன்: டிஸ்க், கீ, பைல்கள்

"கம்ப்யூட்டர் ரொம்ப ஸ்லோவாக இருக்கிறது. பார்மட் செய்து விண்டோஸை மறுபடி போட்டுவிடலாமா?"

கம்ப்யூட்டர் வாங்கிய ஓரிரு வருடங்களில் எல்லோரும் கேட்கும் கேள்வி இது. சாப்ட்வேர் துறையில் வேலை பார்க்கிறேன் என்று தெரிந்தால் போதும், உறவினர் வீட்டு விசேஷத்தில் சாப்பாட்டுப் பந்தியிலேயே கேட்டுவிடுவார்கள். விண்டோஸை மீண்டும் நிறுவுவது கடினமான வேலை அல்ல. யார் வேண்டுமானாலும் ஒரு மாலைப் பொழுதில் செய்துவிடலாம். ஆனால் தொடங்குவதற்கு முன் சரிபார்க்க வேண்டியவை சில உண்டு. அவற்றைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் அனுபவமே உதாரணம்.

2017-ல் நான் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன். சித்தப்பா வீட்டு கம்ப்யூட்டரில் வைரஸ் புகுந்துவிட்டது. விண்டோஸ் 7 டிவிடி இருந்தது. கேபினெட்டின் பக்கவாட்டில் புராடக்ட் கீ ஸ்டிக்கரும் இருந்தது. "முக்கியமானது எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, நீ தைரியமாகப் பண்ணுடா" என்றார் சித்தப்பா. சி டிரைவை மட்டும் பார்மட் செய்து விண்டோஸை நிறுவினேன். கீ ஏற்றுக்கொள்ளப்பட்டது. எல்லாம் சரியாக நடந்தது.

மறுநாள் காலை போன் வந்தது. "டேய், டெஸ்க்டாப்பில் ஒரு போல்டர் இருந்ததே, அப்பாவோட சதாபிஷேக போட்டோ எல்லாம். அது எங்கேடா?"

டெஸ்க்டாப் என்பதே சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு போல்டர்தான். சித்தப்பாவுக்கு அது தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் நான் திறந்து பார்க்கவில்லை. தாத்தா இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ரெகவரி சாப்ட்வேரை இரவு முழுக்க ஓடவிட்டதில் சில படங்கள் கிடைத்தன. அவற்றிலும் பாதி, மேல் பாகம் மட்டும் தெரிந்து கீழே சாம்பல் நிறமாக இருந்தன.

டிஸ்க் தொலைந்தால் வேறு டிஸ்க் தயாரித்துக்கொள்ளலாம். கீ தொலைந்தால் தேடிப் பிடிக்க வழி உண்டு, இல்லாவிட்டால் பணம் கொடுத்து வாங்கலாம். பைல் போனால் போனதுதான். இந்த வரிசையை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில், உண்மையிலேயே தேவையா?

கம்ப்யூட்டர் மெதுவாக இயங்குவதற்கெல்லாம் விண்டோஸ் காரணம் அல்ல. பழைய ஹார்ட் டிஸ்க் பழுதாகும் நிலையில் இருந்தாலும், ராம் 4 ஜிபி மட்டும் இருந்தாலும் விண்டோஸை எத்தனை முறை நிறுவினாலும் வேகம் கூடாது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி பொருத்துவது பல சமயம் அதைவிட நல்ல தீர்வு.

விண்டோஸில்தான் பிரச்னை என்றால், டிஸ்க் இல்லாமலே சரி செய்யும் வசதி ஒன்று உள்ளது. விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெகவரி என்று சென்றால் "ரீசெட் திஸ் பிசி" என்ற பட்டன் கிடைக்கும். அதில் "கீப் மை பைல்ஸ்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் உங்கள் சொந்த பைல்கள் அப்படியே இருக்கும். நீங்கள் நிறுவிய புரோகிராம்கள் மட்டும் நீங்கிவிடும். "ரிமூவ் எவ்ரிதிங்" என்றால் பெயரே சொல்கிறது, எல்லாம் போய்விடும். இந்த இரண்டையும் மாற்றி அழுத்திவிட வேண்டாம்.

விண்டோஸே திறக்கவில்லை, வைரஸ் தொல்லை தீரவில்லை, ஹார்ட் டிஸ்க்கை மாற்றிவிட்டோம், அல்லது பழைய கம்ப்யூட்டரை வேறொருவரிடமிருந்து வாங்கியிருக்கிறோம் என்ற நிலைகளில் முழுமையாக நிறுவுவதே நல்லது.

டிஸ்க்: எல்லா டிஸ்க்கும் ஒன்றல்ல

கம்ப்யூட்டருடன் வரும் டிஸ்க் இரண்டு வகைப்படும். முதல் வகை இன்ஸ்டலேஷன் டிஸ்க். எந்தப் பகுதியில் விண்டோஸை நிறுவ வேண்டும் என்று இது உங்களைக் கேட்கும். இரண்டாவது வகை ரெகவரி டிஸ்க். கம்ப்யூட்டர் தயாரித்த நிறுவனம் தருவது. கம்ப்யூட்டரை வாங்கிய நாளில் எப்படி இருந்ததோ அப்படியே ஆக்குவதுதான் இதன் வேலை. பெரும்பாலும் ஹார்ட் டிஸ்க் முழுவதையும் அழித்துவிட்டே அதைச் செய்யும். நீங்கள் பிரித்து வைத்த டி டிரைவும் அத்துடன் போய்விடலாம். டிஸ்க்கின் மேல் "ரெகவரி" என்றோ "ரீஇன்ஸ்டலேஷன்" என்றோ அச்சிட்டிருக்கிறதா என்று படித்துப் பார்த்த பிறகே டிரைவில் போடுங்கள்.

இப்போதைய லேப்டாப்புகளில் டிஸ்க் டிரைவே இருப்பதில்லை. ரெகவரி டிஸ்க்கில் இருக்க வேண்டியது ஹார்ட் டிஸ்க்கிலேயே மறைவான ஒரு பார்ட்டிஷனாக வைக்கப்பட்டிருக்கும். இடம் வீணாகிறதே என்று அதை அழித்துவிடாதீர்கள்.

டிஸ்க் இல்லாவிட்டால் கவலை வேண்டாம். மைக்ரோசாப்ட் தளத்தில் "மீடியா கிரியேஷன் டூல்" என்ற சிறிய புரோகிராம் இலவசமாகக் கிடைக்கிறது. குறைந்தது 8 ஜிபி பென் டிரைவைச் செருகி இதை இயக்கினால் போதும். விண்டோஸைத் தரவிறக்கி, பென் டிரைவை இன்ஸ்டலேஷன் டிஸ்க்காக மாற்றிவிடும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பவை அழிந்துவிடும் என்பதால் காலியான ஒன்றைப் பயன்படுத்தவும். யாரோ நகலெடுத்துக் கொடுத்த டிஸ்க்கில் என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாது. எனவே மைக்ரோசாப்டிடமிருந்தே எடுங்கள்.

பீரோவில் கிடக்கும் பழைய டிஸ்க்குகளைப் பற்றி ஒரு வார்த்தை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2014 ஏப்ரல் 8-ம் தேதியும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-ம் தேதியும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டர்நெட்டில் இணைக்கும் கம்ப்யூட்டராக இருந்தால், அது ஏற்றுக்கொள்ளும் பட்சத்தில் விண்டோஸ் 11 நிறுவுவதே சரி. அதற்கு 4 ஜிபி ராம், 64 ஜிபி இடம், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு, பட்டியலில் உள்ள பிராசசர் ஆகியவை தேவை.

கீ: உண்மையில் நீங்கள் வாங்கியது இதைத்தான்

விண்டோஸுக்காக நாம் கொடுக்கும் பணம் டிஸ்க்குக்கு அல்ல, லைசென்ஸுக்குத்தான். அந்த லைசென்ஸின் அடையாளம்தான் ஐந்து ஐந்தாகப் பிரிக்கப்பட்ட 25 எழுத்துகள் கொண்ட புராடக்ட் கீ. 2001-ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில்தான் வீட்டு உபயோகிப்பாளர்கள் கீயைக் கொடுத்து, 30 நாட்களுக்குள் "ஆக்டிவேட்" செய்ய வேண்டும் என்ற முறை வந்தது. ஒரே கீயைப் பல கம்ப்யூட்டர்களில் பயன்படுத்துவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

உங்கள் கீ எங்கே இருக்கிறது என்பது கம்ப்யூட்டரின் வயதைப் பொறுத்தது.

விண்டோஸ் 7 வரையிலான கம்ப்யூட்டர்களில் கேபினெட்டின் பக்கவாட்டிலோ, லேப்டாப்பின் அடியிலோ, பேட்டரி வைக்கும் இடத்திலோ ஸ்டிக்கராக ஒட்டப்பட்டிருக்கும். கைபட்டு எழுத்துகள் தேய்ந்துபோவது சகஜம். அப்போது உதவும் ஒரு விஷயம்: விண்டோஸ் கீயில் ஆங்கில உயிரெழுத்துகளான ஏ, இ, ஐ, ஓ, யு வராது. எல், எஸ், இசட் ஆகியவையும் வராது. எண்களில் 0, 1, 5 வராது. எனவே 2 போலவோ இசட் போலவோ தெரிந்தால் அது 2-தான். ஓ போலத் தெரிந்தால், வால் தேய்ந்துபோன க்யூவாக இருக்க வாய்ப்புண்டு. 8-ம் பி-யும், 6-ம் ஜி-யும் மட்டும் இரண்டுமே வரும் என்பதால் அங்கே மாற்றி மாற்றி முயன்று பார்க்கவும்.

2012-ல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸுடன் விற்கப்படும் கம்பெனி கம்ப்யூட்டர்களில் கீயை மதர்போர்டில் உள்ள சில்லிலேயே பதித்துவிடுகிறார்கள். ஸ்டிக்கரில் விண்டோஸ் சின்னம் மட்டும் இருக்கும், கீ இருக்காது. விண்டோஸை நிறுவும்போது செட்அப் புரோகிராம் அதைத் தானே படித்துக்கொள்ளும். நீங்கள் எதுவும் டைப் செய்ய வேண்டியதில்லை.

2015-ல் விண்டோஸ் 10-உடன் "டிஜிட்டல் லைசென்ஸ்" முறை வந்தது. ஒருமுறை ஆக்டிவேட் ஆன கம்ப்யூட்டரை அதன் வன்பொருளைக் கொண்டு மைக்ரோசாப்டின் சர்வர் நினைவில் வைத்திருக்கும். மீண்டும் நிறுவி இன்டர்நெட்டில் இணைத்ததும் தானாக ஆக்டிவேட் ஆகிவிடும். மதர்போர்டை மாற்றினால் கம்ப்யூட்டர் அடையாளம் தெரியாமல் போய்விடும். ஆகவே லைசென்ஸை உங்கள் மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டுடன் முன்பே இணைத்து வைப்பது நல்லது. செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் பகுதியில் லைசென்ஸ் உங்கள் அக்கவுண்ட்டுடன் இணைக்கப்பட்டுள்ளதா என்று தெரியும்.

ஆனால் கம்ப்யூட்டருடன் சேர்ந்து வந்த ஓஇஎம் லைசென்ஸ் அந்த மதர்போர்டுக்கு மட்டுமே உரியது. தனியாகப் பெட்டியில் வாங்கிய ரீடெய்ல் லைசென்ஸ் என்றால், பழைய கம்ப்யூட்டரிலிருந்து நீக்கிவிட்டுப் புதியதில் போட்டுக்கொள்ளலாம்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உள்ளது. கீ என்பது குறிப்பிட்ட பதிப்புக்கு மட்டுமே செல்லும். நம் ஊரில் விற்கும் பல லேப்டாப்புகளில் "ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்" பதிப்பு வருகிறது. அதில் யாரோ கொடுத்த பென் டிரைவிலிருந்து "புரோ" பதிப்பை நிறுவினால் ஆக்டிவேட் ஆகாது. கீ போய்விட்டது என்று பயந்து புதிதாகப் பணம் கட்டத் தேவையில்லை. சரியான பதிப்பை நிறுவினால் போதும். உங்களுடையது எந்தப் பதிப்பு என்பதை செட்டிங்ஸ், சிஸ்டம், அபவுட் பகுதியில் "எடிஷன்" என்ற வரியில் பார்த்துக் குறித்துக்கொள்ளவும்.

உங்கள் விண்டோஸ் அசல்தானா?

அசெம்பிள் செய்து வாங்கிய கம்ப்யூட்டர் என்றால் இதை அவசியம் சோதித்துப் பாருங்கள். விண்டோஸ் கீயுடன் ஆர் கீயைச் சேர்த்து அழுத்தினால் "ரன்" விண்டோ கிடைக்கும். அதில் எஸ், எல், எம், ஜி, ஆர் என்ற ஐந்து ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து டைப் செய்து, ஓர் இடைவெளி விட்டு, ஒரு முன்சாய்வுக் கோடு போட்டு, அதை ஒட்டி டி, எல், ஐ ("டில்லி"யின் முதல் எழுத்தான டி) என்று டைப் செய்து என்டர் தட்டவும். சில நொடிகளில் சிறிய விண்டோ ஒன்று வரும்.

அதில் "டிஸ்கிரிப்ஷன்" வரியின் கடைசியில் "ஓஇஎம்" என்று இருந்தால் கம்ப்யூட்டருடன் வந்த லைசென்ஸ். "ரீடெய்ல்" என்று இருந்தால் தனியாக வாங்கியது அல்லது டிஜிட்டல் லைசென்ஸ். "வால்யூம்" என்றும் "கேஎம்எஸ்" என்றும் சேர்ந்து இருந்தால் அது பெரிய அலுவலகங்களுக்கான முறை. அங்கே உள்ள சர்வருடன் 180 நாட்களுக்குள் தொடர்புகொண்டு புதுப்பிக்க வேண்டும். அலுவலகத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லாத வீட்டுக் கம்ப்யூட்டரில் இப்படி இருந்தால், யாரோ குறுக்கு வழியில் ஆக்டிவேட் செய்து கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். மீண்டும் நிறுவினால் உங்களிடம் லைசென்ஸ் இருக்காது. விண்டோஸுக்கும் சேர்த்துப் பணம் வாங்கியிருந்தால் கடைக்காரரிடம் பில்லைக் காட்டிக் கேளுங்கள்.

செகண்ட்ஹேண்ட் கம்ப்யூட்டர் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. "விண்டோஸ் 7 ஸ்டிக்கர் இருக்கிறது, அந்த கீயிலேயே புதிய விண்டோஸ் போட்டுக்கொள்ளலாம்" என்று சிலர் சொல்வார்கள். பல வருடங்கள் அது வேலை செய்தது உண்மைதான். ஆனால் 2023 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் அந்த வழி மூடப்பட்டதாக அறிவித்துவிட்டது.

பைல்கள்: இங்கேதான் நிதானம் வேண்டும்

டெஸ்க்டாப், டாகுமெண்ட்ஸ், பிக்சர்ஸ், டவுன்லோட்ஸ் ஆகிய நான்கும் நீங்கள் மாற்றி அமைக்காத வரை சி டிரைவில்தான் இருக்கும். "எல்லாம் டி-யில் இருக்கிறது" என்று யார் சொன்னாலும் நம்பாமல் இந்த நான்கையும் ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். அந்தக் கம்ப்யூட்டரில் அப்பா, அம்மா, தங்கை என்று தனித்தனி யூசர்கள் இருந்தால், சி டிரைவில் உள்ள "யூசர்ஸ்" போல்டருக்குள் ஒவ்வொருவருக்கும் ஒரு போல்டர் இருக்கும். அத்தனையையும் பார்க்க வேண்டும்.

இவற்றையும் மறக்க வேண்டாம்:

1. டேலி போன்ற கணக்கு சாப்ட்வேர்களின் டேட்டா போல்டர். இது பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும்.

2. பாமினி, வானவில் போன்ற பழைய தமிழ் எழுத்துருக்கள். இவை விண்டோஸ் போல்டருக்குள் "பாண்ட்ஸ்" என்ற போல்டரில் இருக்கும். இவற்றில் டைப் செய்த கடிதங்களை பத்திரமாக எடுத்து வைத்தாலும், எழுத்துரு போய்விட்டால் திறக்கும்போது வெறும் ஆங்கில எழுத்துக் கலவையாகத் தெரியும்.

3. பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டுகளும் புக்மார்க்குகளும்.

4. ஆபீஸ் தொகுப்பின் லைசென்ஸ். லேப்டாப்புடன் இலவசமாக வந்த ஆபீஸ், முதன்முதலில் எந்த மைக்ரோசாப்ட் அக்கவுண்ட்டில் பதியப்பட்டதோ அதனுடன் இணைந்திருக்கும். அந்த இமெயில் முகவரியையும் பாஸ்வேர்டையும் தேடிப் பிடியுங்கள்.

5. பிட்லாக்கர் ரெகவரி கீ. இது விண்டோஸ் கீயிலிருந்து வேறுபட்டது. 48 இலக்கங்கள் கொண்ட எண். புதிய லேப்டாப்புகள் பலவற்றில் டிரைவ் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் எதையாவது மாற்றினாலே இந்த எண்ணைக் கேட்கலாம். இல்லாவிட்டால் உங்கள் பைல்களை நீங்களே திறக்க முடியாது. மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் தளத்தில் நுழைந்து இதைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொள்ளவும்.

எல்லாவற்றையும் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்த பின், அதை வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நாலைந்து பைல்களைத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் பேக்அப். இன்னொன்று: பழைய ஹார்ட் டிஸ்க்கில் அழிந்ததை ரெகவரி சாப்ட்வேர் ஓரளவு மீட்கும். எஸ்எஸ்டியில் அந்த நம்பிக்கை வேண்டாம். அழிக்கப்பட்ட இடத்தை அது உள்ளுக்குள் தானே துடைத்துவிடும்.

நிறுவும் முறை

முதலில் உங்கள் மாடலுக்கான வைஃபை அல்லது லேன் டிரைவரைக் கம்பெனி தளத்திலிருந்து எடுத்துப் பென் டிரைவில் வைத்துக்கொள்ளவும். இது இல்லாமல் இன்டர்நெட் வராது; இன்டர்நெட் இல்லாமல் இந்த டிரைவரைத் தரவிறக்க முடியாது.

அடுத்து "மை கம்ப்யூட்டர்" அதாவது "திஸ் பிசி"யைத் திறந்து சி, டி டிரைவ்களின் அளவுகளைத் தாளில் எழுதவும். காரணம் பின்னால் தெரியும். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிடவும்.

இன்ஸ்டலேஷன் பென் டிரைவைச் செருகி கம்ப்யூட்டரை இயக்கியதும் பூட் மெனுவுக்கான கீயைத் தட்டவும். டெல், லெனோவா, ஏசர் லேப்டாப்புகளில் பெரும்பாலும் எப் 12, எச்பியில் எப் 9, ஏசஸில் எஸ்கேப். பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுத்தால் செட்அப் தொடங்கும்.

கீ கேட்கும்போது, உங்களிடம் டிஜிட்டல் லைசென்ஸ் இருந்தால் "ஐ டோன்ட் ஹேவ் எ புராடக்ட் கீ" என்பதை கிளிக் செய்து, முன்பு இருந்த அதே பதிப்பைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு "கஸ்டம்" என்பதைத் தேர்ந்தெடுத்தால் பார்ட்டிஷன்களின் பட்டியல் வரும். புதிய செட்அப்பில் திரைகள் சற்று மாறியிருக்கலாம். ஆனால் எல்லா பைல்களும் அழிவதற்குச் சம்மதமா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்யும் முன் பேக்அப்பை ஒருமுறை நினைத்துக்கொள்ளவும்.

பார்ட்டிஷன் பட்டியலில் சி, டி என்று இருக்காது. "டிரைவ் 0 பார்ட்டிஷன் 3" என்பது போலத்தான் இருக்கும். நீங்கள் எழுதி வைத்த அளவைக் கொண்டுதான் எது சி, எது டி என்று கண்டுபிடிக்க வேண்டும். சி-க்கு உரியதை மட்டும் பார்மட் செய்து "நெக்ஸ்ட்" கொடுக்கவும். "டெலிட்" பட்டன் பக்கம் போகவே வேண்டாம். பார்மட் செய்யாமல் நேராக "நெக்ஸ்ட்" கொடுத்தால், பழைய பைல்கள் "விண்டோஸ் ஓல்ட்" என்ற போல்டருக்குள் நகர்த்தப்படும். எதையோ மறந்துவிட்டோமோ என்று சந்தேகம் இருந்தால் இதுவே பாதுகாப்பான வழி. வேண்டியதை உடனே எடுத்துக்கொள்ளுங்கள். சில நாட்களில் விண்டோஸே அதை நீக்கிவிடக்கூடும்.

கம்ப்யூட்டர் முதல்முறை ரீஸ்டார்ட் ஆகும்போது எந்தக் கீயையும் தட்டாதீர்கள். தட்டினால் மறுபடி பென் டிரைவிலிருந்து செட்அப் முதலிலிருந்து தொடங்கும். புதியவர்கள் "திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வருகிறது" என்று சொல்வது பெரும்பாலும் இதனால்தான்.

நிறுவி முடித்ததும் வைஃபை டிரைவர், பிறகு விண்டோஸ் அப்டேட், பிறகு ஆக்டிவேஷன் பகுதியில் "ஆக்டிவ்" என்று வந்திருக்கிறதா என்று பார்ப்பது, கடைசியாக உங்கள் பைல்கள். இந்த வரிசையில் செய்யவும்.

இன்றே செய்ய வேண்டியது

கம்ப்யூட்டர் நன்றாக இயங்கும்போதே ஒரு தாளை எடுங்கள். விண்டோஸ் பதிப்பின் பெயர், கீ இருந்தால் அந்த 25 எழுத்துகள், மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் இமெயில், பிட்லாக்கர் எண், லேப்டாப்பின் மாடல் எண் ஆகியவற்றை எழுதி, வாங்கிய பில்லுடன் சேர்த்து, வீட்டுப் பத்திரம் வைக்கும் பையில் வையுங்கள். ஸ்டிக்கர் இருந்தால் தேய்வதற்குள் போனில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

இப்போது உறவினர்கள் யாராவது பார்மட் செய்யக் கூப்பிட்டால், டிஸ்க் இருக்கிறதா என்று நான் முதலில் கேட்பதில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, டெஸ்க்டாப்பில் உள்ள ஒவ்வொரு போல்டரையும் திறந்து, "இது வேண்டுமா?" என்று கேட்கிறேன். அரை மணி நேரம் ஆகிறது. சித்தப்பா வீட்டில் அந்த அரை மணி நேரத்தை நான் மிச்சப்படுத்தப் பார்த்தேன்.